நாக் சென்சாரை அணைக்கச் சொல்கிறார்கள், அணைக்கலாமா?

கேள்வி: மார்ச் 4, மாலை 6.10

அண்ணா, 2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 86 மி.மீ. பெரிய டர்போ, 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், கெட்டியான இன்ஜின் மவுண்ட் எல்லாம் போட்டு, 1.4 பார் பூஸ்டுக்கு (டர்போ உள்ளே திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) மேப் எழுதி இரண்டு மாதம் ஆகிறது. நாலாவது கியரில் 3000 ஆர்பிஎம்மிலிருந்து அழுத்தி மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். அந்த நேரத்தில் நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) 5 டிகிரி வரை டைமிங்கைக் குறைக்கிறது, அதாவது ஸ்பார்க்கைத் தாமதிக்கிறது. மேப் எழுதியவர், "ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும், சென்சார் அதைக் கேட்டு ஏமாறுகிறது, அணைத்துவிட்டால் பவர் திரும்பிவிடும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அணைத்துவிடலாமா?

மார்ச் 4, இரவு 9.40

அணைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு பேசலாம், முதலில் வண்டியை மிதிக்காமல் வைத்திருங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒருவர் சொன்னதைக் கேட்டு, என் வண்டியில் சென்சாரின் உணர்திறனைக் குறைக்க ஒப்புக்கொண்டேன். அணைக்கக்கூட இல்லை, குறைத்ததுதான். நாலு மாதத்தில் சைலன்சரில் நீலப் புகை. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்று சிலிண்டர் 150 பிஎஸ்ஐ, நாலாவது 60. ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மேடு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்து, ரிங்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன் உச்சியில் ஓட்டை இல்லை, உருகல் இல்லை. ஓரத்தில் மட்டும் மணல் வீசி அடித்தது போலப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. அந்த அரிப்புதான் நாக்கிங்கின் கையெழுத்து.

நாக்கிங் என்பது இதுதான்: ஸ்பார்க் பற்றிய பிறகு தீ ஒரு பக்கமிருந்து பரவுகிறது. எரியாமல் மூலையில் மீந்திருக்கும் கலவை, தீ வந்து சேர்வதற்குள் அழுத்தத்திலும் சூட்டிலும் தானே ஒரே நொடியில் வெடித்துவிடுகிறது. அந்த அதிர்வுதான் உங்கள் காதில் கூழாங்கல்லாகக் கேட்கிறது. டர்போ வண்டியில் அழுத்தமும் சூடும் ஏற்கெனவே அதிகம். 30 டிகிரி காற்றை 1.4 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட, அது சுமார் 150 டிகிரியில் வெளியே வரும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லை என்றால் பேச்சே இல்லை.

சென்சார் ஏமாறுகிறதா, உண்மை சொல்கிறதா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் அதன் வாயை அடைப்பது சரியில்லை.

மார்ச் 5, காலை 7.15

மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்த உடனே தட்டுகிறதா, சூடானதும் அடங்குகிறதா? பூஸ்ட் இல்லாமல் 2500-இல் ஒரே சீராக ஓட்டும்போது கேட்கிறதா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் அந்த நொடியில் சத்தம் மாறுகிறதா?

மார்ச் 5, மதியம் 1.30

ஏன் இந்த மூன்றும் என்றால், "இன்ஜின் தட்டுகிறது" என்று சொல்லும்போது நாம் மூன்று வேறு வியாதிகளுக்கு ஒரே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிரில் தட்டி, சூட்டில் அடங்கினால் பிஸ்டன் ஆடுகிறது என்று அர்த்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில், அதிலும் 2618 என்ற அலுமினிய அலாயில் செய்ததில், சூடேறினால் அதிகம் விரியும் என்பதால் இடைவெளியைக் கூடுதலாக விட்டே பொருத்துவார்கள். அது பயப்பட வேண்டிய சத்தம் இல்லை. ஆனால் உங்களுக்கு நாலாவது கியரில், முழுச் சூட்டில், பூஸ்டில் கேட்கிறது. அதை "ஃபோர்ஜ்டு சத்தம்" என்று தள்ளிவிட முடியாது.

பூஸ்ட் இல்லாதபோதும் கேட்டு, காலை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மாறி, கனமாக "டொக் டொக்" என்று வந்தால் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்து பேரிங்). அந்தந்த சிலிண்டரின் பிளக் வயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்த்தால், குற்றவாளி சிலிண்டரில் சத்தம் குறையும் அல்லது மாறும். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்து வெயிலில் பாருங்கள். பித்தளை நிறத்தில் மினுங்கினால் வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டியதுதான்.

பாரம் ஏற்றினால் மட்டும் கலகலவென்று வந்தால் நாக்கிங்.

ராட் தட்டுவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, நாக்கிங்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதனால் வேகத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மார்ச் 6, காலை 6.50

மேலே கடைசி வரி தவறு. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. தேய்ந்த ராட் பேரிங்கில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி இடம் மாறும், அதனால் அது சுற்றுக்கு ஒருமுறை தட்டலாம். 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50. நாக்கிங் எரியும்போது மட்டும் வருவதால் ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது அதிகபட்சம் நொடிக்கு 25. நாக்கிங் ஒவ்வொரு எரிதலிலும் வரவேண்டும் என்பதும் இல்லை, விட்டு விட்டு வரும். காது இதை எண்ணாது, ஆனால் ஒலியைப் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சுருதியும் வேறு. நாக்கிங்கில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவே மணி போல அதிர்கிறது. தோராயமாகக் கணக்குப் போட 1800-ஐ 3.14-ஆலும் போர் மி.மீ. அளவாலும் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் வரும். உங்கள் 86 மி.மீ. போருக்கு 6.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பேரிங்கும் பிஸ்டன் ஆட்டமும் பெரும்பாலும் இதற்கு வெகு கீழே, அடித் தொண்டையில் பேசும்.

மார்ச் 6, இரவு 10.20

பதிலுக்கு நன்றி. குளிரில் லேசாகத் தட்டி ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது, சீராக ஓட்டும்போது ஒன்றும் இல்லை, ஃபில்டர் சுத்தம். சரி, பேரிங் பயம் இல்லை. இனி கேள்வி ஒன்றுதான்: பூஸ்டில் சென்சார் கேட்பது எரிதலின் சத்தமா, இரும்பின் சத்தமா?

பூஸ்டை வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் அளவுக்கு, 0.7 பாருக்கு இறக்கி, அதே கியரில் அதே ஆர்பிஎம்மில் ஓட்டிப் பதிவு எடுங்கள். நாக் கணக்கு (சென்சார் நாக்கிங் என்று பதிந்தவை) மறைந்தால் அது நிஜமான நாக்கிங்.

மார்ச் 8, காலை 5.55

நேற்று முழுக்க இது உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தின குறிப்பில் சொன்ன சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பூஸ்ட் குறைந்தால் டார்க் (முறுக்குவிசை) குறைகிறது. டார்க் குறைந்தால் இன்ஜின் மவுண்டில் முறுக்கிக்கொள்வதும் குறைகிறது. டவுன்பைப்போ, அதன் மேல் இருக்கும் தகட்டுக் கவசமோ பாடியை உரசிக்கொண்டிருந்தால், அந்த உரசலும் பூஸ்ட் இறங்கும்போது தானாக நின்றுவிடும். ஆகவே பூஸ்டைக் குறைத்ததும் கணக்கு மறைந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். டைமிங்கை 4 டிகிரி குறைத்துப் பார்ப்பது இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதிலும் டார்க் கொஞ்சம் இறங்கும்.

டார்க்கைத் தொடாமல் நாக்கிங்கை மட்டும் தொடுவது பெட்ரோல் ஒன்றுதான். டாங்க்கை ஏறக்குறையக் காலியாக்கி, 95-க்குப் பதில் 100 ஆக்டேன் போடுங்கள் (ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கை அதிகம் தாங்கும்). முக்கியமான விஷயம், மேப்பில் டைமிங்கின் மேல் எல்லையைப் பூட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் நல்ல பெட்ரோலைக் கண்டதும் ஈசியூ டைமிங்கை ஏற்றிவிடும், பழையபடி விளிம்புக்கே வந்து நிற்கும். அதே பூஸ்ட், அதே டைமிங், பெட்ரோல் மட்டும் வேறு. அப்போதும் சென்சார் கத்தினால் அது கேட்பது இரும்பை. அடங்கினால் எரிதலை.

பதிவை 3000-இலிருந்து 3500 வரை மட்டும் எடுக்காமல் 6500 வரை எடுங்கள். பொதுச் சாலையில் வேண்டாம். டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) இருந்தால் டைனோ, இல்லையென்றால் மூடிய பாதை, பக்கத்தில் மடிக்கணினியோடு இன்னொருவர்.

மார்ச் 8, மதியம் 2.05

"சென்சார் ஏமாறவே ஏமாறாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நன்றாக ஏமாறும். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய, அதிர்ந்தால் மின்சாரம் தரும் ஒரு பீசோ வளையம்தானே அது. தனக்கு வந்து சேரும் அதிர்வு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஈசியூதான் ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த பிறகு ஒரு சிறிய இடைவெளியில் மட்டும் காதைத் திறந்து, வேண்டிய சுருதியை மட்டும் வடிகட்டிக் கேட்கிறது. கேம்ஷாஃப்டை மாற்றினால் வேறொரு சிலிண்டரின் வால்வு வந்து உட்காரும் சத்தம் அந்த இடைவெளிக்குள் விழலாம். கெட்டியான மவுண்ட் போட்டால், முன்பு ரப்பர் தின்றுகொண்டிருந்த அதிர்வெல்லாம் பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவில் ஓட ஆரம்பிக்கும். உங்கள் வண்டியில் கெட்டி மவுண்டும் இருக்கிறது, தடித்த டவுன்பைப்பும் இருக்கிறது. அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உரசும் இடம் துருவோ புகையோ இல்லாமல் நாணயம் மாதிரி பளபளக்கும்.

மார்ச் 9, இரவு 8.30

காதால் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு: 10 மி.மீ. செப்புக் குழாய் ஒரு சாண் நீளம். ஒரு முனையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, அதில் ஓட்டை போட்டு, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கில் இருக்கும் ஏதாவது காலி போல்ட் துளையில் இறுக்குங்கள். திறந்த முனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, ஃபயர்வால் துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, பட்டறையில் போடும் காதடைப்பான் ஒன்றின் கிண்ணத்தில் துளையிட்டுச் செருகிவிடுங்கள். சூடான பைப்புக்கும் பெல்ட்டுக்கும் ஹோஸைத் தள்ளி வையுங்கள். ஓட்டுபவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர்.

முதல் ஐந்து நிமிடம் இன்ஜெக்டர் டிக்டிக், ஆல்டர்னேட்டர் முனகல், கியர் இரைச்சல் எல்லாம் சேர்ந்து குழப்பும். அப்புறம் பழகிவிடும். பழகின காதுக்கு நாக்கிங் வேறு எதையும் போல இருக்காது. வறுத்த கடுகு தட்டில் சிதறுவது போல, வறண்டு, ஓரம் கூர்மையாக வரும். உரசலோ உலோகத் தகடு நடுங்குவது போல நீண்டு இழுக்கும். இதை ஒருமுறை கேட்டவர்கள் இரண்டையும் மறுபடி குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

என் பழைய இன்ஜினில் நான் செய்யத் தவறியது இதைத்தான். முதல் நாள் எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்போது என் டவுன்பைப்பும் நிஜமாகவே உரசிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்து வளைத்துத் தள்ளி வைத்தேன், நாக் கணக்கு பாதியாகக் குறைந்தது. பாதி பொய் என்று நிரூபித்துவிட்டதால் மீதியும் பொய்தான் என்று நம்பிவிட்டேன். மீதி உண்மை. நாலாவது இன்ஜெக்டர் மற்றவற்றைவிட 10 சதவீதம் குறைவாகப் பீய்ச்சுவது, இன்ஜின் போன பிறகு பெஞ்சில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வைட்பேண்டில் (புகையை வைத்துக் கலவையை அளக்கும் சென்சார்) ஏன் தெரியவில்லை? அது நாலு சிலிண்டரின் புகையும் கலந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாலில் ஒன்று 10 சதவீதம் குறைந்தால் சராசரி 2.5 சதவீதம்தான் நகரும். லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், ஏறினால் பெட்ரோல் குறைவு) 0.80 என்று இருந்தது 0.82 ஆனால் யார் கவனிப்பார்கள்?

மார்ச் 10, காலை 7.00

தண்ணீர்-மெத்தனால் அடித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்டவருக்கு: அது பழைய வித்தை. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25:1 கம்ப்ரஷனில் டர்போ போட்டு விற்பனைக்கு வந்தபோதே, நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சித்தான் ஓடியது. வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் அதைப் போட்டால், பம்ப் நின்ற அன்றைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதலில் காரணம்.

மார்ச் 10, இரவு 9.15

1800 ஆர்பிஎம்மில், ஐந்தாவது கியரில், ஒரே ஒரு பெரிய "டம்" என்று கேட்டதாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். நேரடி ஊசி (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும்) டர்போ என்றும் சொல்கிறார். அது இங்கே பேசும் நாக்கிங் இல்லை. குறைந்த வேகம், முழுப் பாரம், ஸ்பார்க்குக்கு முன்பே ஆயில் துளியோ படிவோ கலவையைப் பற்றவைத்துவிடுவது. இதற்கு டைமிங்கைக் குறைத்துப் பயன் இல்லை, ஏனென்றால் ஸ்பார்க் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. ஆயிலில் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகம் இருந்தால் இது கூடுகிறது என்று கண்டுபிடித்துத்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி தரம் வந்தன. ஆயில் டப்பாவில் எஸ்பி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் தாழ்ந்த வேகத்தில் உயர்ந்த கியரில் முழுசாக மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 13, இரவு 11.40

பதிவைப் பார்த்தேன். பெட்ரோல் மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

95-இல் நாக் கணக்கு இரண்டு கூட்டமாகத் தெரிகிறது. 3000 முதல் 3400 வரை ஒன்று, 5 டிகிரி குறைப்பு. 5200-க்கு மேல் இன்னொன்று, அங்கே 3 டிகிரி. இந்த இரண்டாவதை நீங்கள் முதலில் சொல்லவே இல்லை, அந்த வேகத்தில் இரைச்சலில் காதுக்கும் கேட்டிருக்காது. 100 ஆக்டேனில் கீழே இருப்பது அப்படியே நிற்கிறது, ஒரு புள்ளிகூட நகரவில்லை. மேலே இருப்பது சுத்தமாகப் போய்விட்டது.

கீழே இரும்பு. மேலே எரிதல்.

தம்பி, மேப் எழுதியவரைப் பற்றி நான் கடுமையாக எழுதியிருந்தேன். உங்களுக்குக் காதில் கேட்ட சத்தத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, சென்சார் ஏமாறத்தான் செய்தது. அவர் சொன்ன மருந்தைத்தான் ஏற்க முடியாது. அன்றைக்கே அணைத்திருந்தால் மேலே நடப்பதைப் பார்க்க ஆளே இருந்திருக்காது.

டவுன்பைப்பைப் பாருங்கள். அப்புறம் பிளக் நாலையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் வைத்து, படம் எடுங்கள்.

மார்ச் 15, மாலை 4.25

கவசத் தகட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளப்பு இருக்கிறது என்கிறீர்கள். அதுதான். 10 மி.மீ. இடைவெளி வரும்வரை தகட்டை ஒதுக்குங்கள். கெட்டி மவுண்ட் என்றாலும் முழு டார்க்கில் இன்ஜின் நகரும்.

பிளக் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலிலும் வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப் பொடி தூவின மாதிரி நுண்ணிய கரும்புள்ளிகள், ஒன்றிலும் நாலிலும் கொஞ்சம் கூடுதல். உருகிய அலுமினியப் பொட்டு இன்னும் வரவில்லை. அதாவது நாக்கிங் உண்மை, ஆனால் பிஸ்டன் இன்னும் கரைய ஆரம்பிக்கவில்லை. நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். நாலிலும் இருப்பதால் என்னுடையதைப் போல ஒரு இன்ஜெக்டர் கோளாறு இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. காற்றின் சூடா, ஆயில் ஆவியா, எரிபொருள் அழுத்தமா?

இன்டர்கூலர் ஹோஸுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் வழவழப்பு மெல்லிசாக இருந்தால் பரவாயில்லை, சொட்டினால் ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனைக் கவனிக்க வேண்டும். ஆயில் ஆவி கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும்.

மார்ச் 17, காலை 6.30

ஹோஸ் உலர்ந்திருக்கிறது, உள்ளே போகும் காற்று 46 டிகிரியைத் தாண்டவில்லை. அப்படியானால் அழுத்தம்.

அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், 1.4 பார் பூஸ்டில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 4.4 பார் இருக்க வேண்டும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இதுவும் ஏறினால்தான் இன்ஜெக்டருக்குக் குறுக்கே இருக்கும் வித்தியாசம் மாறாமல் இருக்கும். கேஜைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, ஓட்டிப் பாருங்கள். கேஜை காருக்குள் கொண்டுவராதீர்கள், பெட்ரோல் ஹோஸ் அது.

100 ஆக்டேனில் 5200-க்கு மேல் இருந்த கூட்டம் மறைந்ததைப் பார்த்து "சரி, இனி இதையே போட்டுக்கொள்ளலாம்" என்று நினைக்கத் தோன்றும். அழுத்தம் குறைந்திருந்தால் நல்ல பெட்ரோல் அதை மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 19, இரவு 10.05

5500-இல் 3.9 பார். அரை பார் குறைவு. லாம்டா 0.80-இலிருந்து 0.86-க்கு நழுவியதும் அதே இடத்தில்தான். பம்ப் செத்துவிட்டது என்று புதுசு வாங்கப் போகாதீர்கள். பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்து, அதே பாரத்தில் வோல்ட் பாருங்கள்.

மார்ச் 21, இரவு 9.50

பேட்டரியில் 13.8, பம்பில் 11.6. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போகிறது. பெரிய பம்ப் போட்டவர் பழைய மெல்லிய வயரிலேயே இணைத்துவிட்டார். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், தொடக்கத்திலேயே ஃபியூஸ், ரிலே, நல்ல எர்த். பம்பைத் தொட வேண்டாம்.

மார்ச் 26, காலை 7.40

புதிய பதிவில் ரெயில் அழுத்தம் கடைசிவரை 4.4-இல் நிற்கிறது, லாம்டா 0.80. 95 ஆக்டேனில் மேலே நாக் கணக்கு இல்லை. கீழே 3200-இல் ஒரே ஒரு இடத்தில் 1 டிகிரி. நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்டேன், கடுகுச் சத்தம் இல்லை, தகட்டு நடுக்கமும் இல்லை.

அந்த ஒரு டிகிரிக்காக ஒன்று பார்க்க வேண்டும். டவுன்பைப் வேலைக்காகச் சென்சாரைக் கழற்றினீர்களே, எந்த அளவுக்கு இறுக்கினீர்கள்? இந்த வகைச் சென்சாருக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர். அடியில் வாஷர் கூடாது, பிளாக்கில் அது உட்காரும் இடம் பெயின்ட் இல்லாமல் சுத்தமான உலோகமாக இருக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த பதிவை அனுப்புங்கள்.